எல்லா விளக்கும் சேர்ந்து மினுக்கினால்...

போன வாரம் ஒரு சின்னப் பெட்டியை முறைத்துப் பார்த்தபடி நின்றேன். மனிதர்களைக்கூட நான் அப்படி வெறுத்துப் பார்த்ததில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. பாளையங்கோட்டையில் அக்கா வீடு. பல் தேய்த்துக்கொண்டிருந்த அத்தான் பிரஷ்ஷைக் கீழே போட்டார். குனிந்து எடுக்கப் பார்த்தார்... வலது கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா? அடைப்பு என்றால் ஒரு ஊசி இருக்கிறது. சீக்கிரம் போட்டால் கை கால் தப்பிக்கும். கசிவு என்றால் அதே ஊசி ஆளையே முடித்துவிடும். ஸ்கேன் பார்க்காமல் தொட முடியாது.

அடுத்த கட்டடம்தான் ஸ்கேன் சென்டர். எஸ்தர் என்ற டெக்னீஷியன் மளமளவென்று ஸ்கேன் எடுத்து முடித்தார். அத்தானையும் அக்காவையும் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு நான் மட்டும் ரிப்போர்ட்டுக்காக நின்றேன். ஆனால் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய டாக்டர் இருப்பது மதுரையில். படங்கள் நெட் வழியாக அவருக்குப் போக வேண்டும்.

போகவில்லை.

எஸ்தர் திரும்பத் திரும்ப அனுப்பினார். திரையில் ஒரு கோடு கொஞ்சம் நகரும்... நின்றுவிடும். செல்போனில் திரையைப் படம் பிடித்து அனுப்பினோம். "இதை வச்சு ஊசிக்குச் சரின்னு சொல்ல மாட்டேன், முழுசா அனுப்புங்க" என்றார் மதுரை டாக்டர். அவர் சொன்னதும் நியாயம்தானே?

நெட் கம்பெனிக்குப் போன் போட்டோம். லைன் சரியாக இருக்கிறதாம். எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டோம். அதே கதை.

சுவரில் ஒரு பெட்டி. சென்டரில் உள்ள எல்லா வயர்களும் வந்து சேருகிற இடம். ஸ்விட்ச் என்கிறார்கள். அதன் முகத்தில் வரிசையாகப் பச்சை விளக்குகள் படபடவென்று மினுக்கிக்கொண்டிருந்தன.

"லைட்டு எல்லாம் நல்லா மினுக்குது சார். இங்கன ஒண்ணும் கோளாறு இல்ல" என்றார் எஸ்தர்.

நானும் நம்பினேன். பச்சை... அதுவும் மினுக்குகிற பச்சை! மும்முரமாக வேலை நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

அக்காவிடமிருந்து போன். "தம்பி, என்னலே ஆச்சு? அவுகளுக்குக் கண்ணு சொருகுது. டாக்டர் ரிப்போர்ட் எங்கன்னு கேக்காக..."

காதரைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூட சிநேகிதன். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறவன். வீடியோ காலில் வந்தான்.

"லே, அந்தப் பெட்டியக் காட்டு."

"அது நல்லா மினுக்குது காதர்..."

"நீ பேசாத. பக்கத்துல கொண்டு போ." போனைப் பெட்டிக்கு நேராகப் பிடித்தேன். பிறகு கேட்டான். "எல்லாம் ஒரே நேரத்துலயா மினுக்குது? ஒவ்வொண்ணும் அது இஷ்டத்துக்கு இல்லாம?"

உற்றுப் பார்த்தேன். ஆமாம். சேர்ந்து எரிந்தன, சேர்ந்து அணைந்தன. பள்ளிக்கூடத்து டிரில் மாதிரி!

"அது வேலை இல்லலே. ஒரே தகவல் வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்தி வருது. உன் படம் நுழைய இடமே இல்ல. ஏதோ ஒரு வயரோட ரெண்டு முனையும் அதே பெட்டில மாட்டியிருக்கும். தேடு!"

எங்கே தேட? பெட்டியில் பாதி தெரியவே இல்லை. சென்டர் முதலாளி அண்ணாச்சி முந்தின நாள் மானிட்டர், பிரிண்டர் எதையும் விடாமல் பொட்டு வைத்திருக்கிறார். இந்தப் பெட்டிக்குத் தாராளமாகச் சந்தனம் அப்பி, செவ்வந்தி மாலையும் போட்டிருக்கிறார்.

"அண்ணாச்சி ஏசுவாக சார்..." எஸ்தர் தயங்கினார்.

நான் காதில் வாங்கவில்லை. மாலையைப் பிய்த்தேன். கைக்குட்டையால் சந்தனத்தை வழித்தேன். அடியில் இரண்டு முனைகள். ஒரே நீல வயர்!

எஸ்தரின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ... நாந்தான் சார். பூஜைக்குன்னு எல்லாத்தையும் துடைச்சு ஒதுக்குனேன். ஒரு முனை சும்மா தொங்கிச்சு. பாக்க நல்லா இல்லியேன்னு காலியா இருந்த ஓட்டையில சொருகிட்டேன்."

அவரை எப்படித் திட்டுவது? பூஜைக்கு வீட்டை ஒதுங்க வைக்கிற யாரும் அதைத்தான் செய்திருப்போம்.

"பையப் பிடுங்கு, மெதுவா" என்றான் காதர். பையவாவது, கியவாவது... ஒரே இழுப்பு!

விளக்குகள் சட்டென்று அடங்கின. பல, அசையாமல் நின்று எரிந்தன. ஒன்றிரண்டு மட்டும் அவ்வப்போது மினுக்கின.

"இப்பம்தான் வேலை செய்யுது" என்றான் காதர்.

கோடு நகர்ந்தது... நகர்ந்துகொண்டே போய்க் கடைசியைத் தொட்டது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று எஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் மதுரையிலிருந்து தகவல் வந்தது. அடைப்புதான், கசிவு இல்லை. ஊசி போட்டார்கள். நான் வராந்தாவில் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன்.

சாயங்காலம் டாக்டர் அக்காவிடம் விசாரித்தார். முன்னாடி ஏதாவது தெரிந்ததா? தலைவலி, கிறுகிறுப்பு? பிரஷர் பார்த்தீர்களா?

"இல்ல டாக்டர், நல்லாத்தான் இருந்தாக. கடை, பேங்க், சங்கம்னு ஒரு நிமிஷம் உக்கார மாட்டாக. எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருப்பாக."

பக்கத்தில் நின்ற எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தோம்? அத்தானைப் பார், இந்த வயதில் என்ன சுறுசுறுப்பு என்று! ராத்திரி தூங்குகிறாரா, வேளைக்குச் சாப்பிடுகிறாரா... யார் கேட்டோம்? ஓடுகிற மனிதருக்கு என்ன குறை என்று இருந்துவிட்டோம்.

நேற்று அத்தானின் விரல்கள் அசைந்தன. என் கையைப் பிடித்தார். பலமில்லாத பிடி, ஆனால் பிடி! நாக்குக் குழற அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைய யாரு பாக்கா?"

அக்கா கஞ்சி டம்ளரை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"கடையப் பாக்க நாலு பேரு இருக்கு. உங்களத்தான் இத்தன நாளா ஒருத்தரும் பாக்கல."