ஏழாவது கிளிப்

மலேசியாவின் பந்திங்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஓர் ஆலையில் நான் மேற்பார்வையாளராக இருந்தேன். எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் வெறும் குலைகளிலிருந்து லிக்னின் என்ற பழுப்புத் தூளைப் பிரித்துப் பிளாஸ்டிக்கில் கலப்போம். அந்தப் பிளாஸ்டிக் சீக்கிரம் பழுத்து நொறுங்காது. மின்னணுப் பாகங்களைச் சுற்றினால் நிலைமின்சாரம் சேராது. ஆனால் கலப்பதற்கு முன், தூளாக இருக்கும்போது, அதன் குணமே வேறு. வறண்ட அறையில் கொட்டும்போது உராய்ந்து மின்சாரம் ஏறும். ஒரு பொறி போதும், பறக்கும் தூள் முழுவதும் தீயாகும். அதனால் அந்த மின்சாரத்தைத் தரைக்குள் இறக்க ஏழு இயந்திரங்களுக்கும் ஏழு எர்த் கம்பிகள், நுனியில் ஏழு செம்புக் கிளிப்புகள். தினமும் காலையில் அவற்றை எண்ணித் தாளில் எழுதுவது என் வேலை. நான் எதையும் எண்ணுகிறவன். என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு ஐம்பத்திரண்டு படிகள்.

ஆயுத பூஜைக்காக இயந்திரங்களைக் கழுவினோம். ஏழாம் இயந்திரத்தில் வேலை செய்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அதன் கிளிப்பைக் கழற்றிப் புளித்தண்ணீர் வாளியில் போட்டார்.

"சாமிக்கு வைக்கிற சாமான் பளபளன்னு இருக்கணும்ணே."

"வீட்டுல குத்துவிளக்க இப்படித் தேய்ச்சிருக்கியா நீ?" என்றேன். சிரித்தார்.

பூஜையில் ஒவ்வோர் இயந்திரத்தின் மேலும் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் வைத்தோம். மறுநாள் காலை நான் அறைக்குள் போகவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஏழு பழங்கள் தெரிந்தன. கிளிப் ஏழு என்று எழுதிவிட்டேன். ஏழாவது கிளிப் வாளியிலேயே கிடந்தது.

அவர் முதல் மூட்டையைக் கொட்டினார். சத்தம் பெரிதாக இல்லை, யாரோ பாயை உதறியது போல இருந்தது. அவருக்கு இடது கண்ணும் மூன்று விரல்களும் போயின.

தாளில் ஏழு இருந்ததால், நான் எண்ணியபின் அவர் மறுபடி கழற்றியதாக விசாரணையில் முடிவு செய்தார்கள். "மாட்ட மறந்தது நான்தான்," என்று அவர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

பதினோரு வருடங்கள். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கம்போங் மேடானிலிருந்து பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார். கீழே உள்ள கடையில் தே என்கிற பால் தேநீர் குடிப்போம். மற்ற நாட்களில் புதுப் பிளாஸ்டிக் பையைப் பிரித்தாலே எனக்குக் கருகிய வாடை அடிக்கும். எதை எண்ணினாலும் ஆறு வந்ததும் ஒரு நொடி நின்றுவிடுவேன்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் கிளிப்ப எண்ணல. எலுமிச்சம்பழத்தத்தான் எண்ணினேன்."

அவர் மிச்ச விரல்களால் கிளாஸை நகர்த்தினார். "தெரியும்ணே. கண்ணாடிக்கு வெளிய நின்னீங்க. நான்கூட கை ஆட்டினேனே."

"அப்ப ஏன் விசாரணையில சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அப்புறம், எப்பத்தான் சொல்றீங்கன்னு பாக்க வந்துக்கிட்டு இருந்தேன்லா."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

அதன்பின் மூன்று கடைசி ஞாயிறுகள் போய்விட்டன. நான் நான்கு மணிக்கே கடையில் போய் உட்காருகிறேன். அவர் வரவில்லை.