ஊசிக்காரரை நம்பித் தொலைத்தவர்கள்

ஊசிக்காரர் தம் வாழ்க்கையில் இரண்டு இடங்களில் ஊசி குத்திப் பிழைத்தார். முதலாவது ஆஸ்பத்திரியில், ரத்தம் எடுக்கும் அறை. அங்கே அவர் குத்திய ஒவ்வொரு குத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. சர்க்கரையோ உப்போ கிருமியோ, ஏதோ ஒன்றைப் பற்றிய உண்மை மறுநாள் தாளில் அச்சாகி வந்தது. அதற்காக அவருக்குக் கிடைத்த மரியாதை என்னவென்றால், குழந்தைகள் அவரைக் கண்டதும் அலறின, பெரியவர்கள் அலறாமல் திட்டினார்கள். இரண்டாவது, 'நலவாழ்வு இல்லம்' என்று பலகை மாட்டிய ஸ்பா. இங்கே அவர் குத்தும் அக்குபங்சர் ஊசியால் எதுவும் தெரியவருவதில்லை, எதுவும் வெளியே வருவதில்லை, அவர் பார்த்த வரையில் எதுவும் நடப்பதுமில்லை. ஆனால் குத்துப்பட்டவர்கள் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறார்கள். சம்பளமும் இரண்டு மடங்கு. உலகத்தைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று அவர் படிப்பதையே நிறுத்திவிட்டார்.

அந்த ஸ்பா முன்பு குளியலறை ஓடு விற்கும் கடையாக இருந்தது. ஓடு விற்ற அதே அம்மாள்தான் இப்போது அமைதி விற்கிறார். வியாபாரம் படுத்தபோது எங்கோ வெளியூர் போய் ஒரு மாதம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தாராம். கடன்காரர்களிடம் பேசாமல் இருப்பதற்கு அது நல்ல வழி என்று ஊசிக்காரர் நினைத்தார், சொல்லவில்லை. ஓடுகளைப் பெயர்க்கச் செலவாகும் என்பதால் சுவர்கள் அப்படியே நின்றன. 'வனம்' என்று பெயரிட்ட அறையில் சதுர அடிக்கு ஒரு மாதிரி ஓடு. படுத்திருப்பவர் தலையை அந்தப் பக்கம் திருப்பினால் டால்பின் படம், இந்தப் பக்கம் திருப்பினால் விலைச்சீட்டு ஒட்டியிருந்த தடம்.

அம்மாளின் சட்டங்கள் எளியவை. தொட்டிலில் பிள்ளை தூங்குவதுபோலப் பேச வேண்டும். வலி என்ற சொல் கட்டிடத்துக்குள் வரக் கூடாது; உடம்பு 'தகவல்' சொல்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது, எல்லாரும் 'பயணிகள்'. பயணிகள் வந்ததும் அம்மாள் கண்ணை மூடி, மூன்று விரலால் நாடி பிடித்து, "ஒரு வாசல் அடைச்சிருக்கு" என்பார். எல்லாருக்கும் அதே வாசல்தான். எந்த வாசல் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் தனக்கு மட்டும் தெரியவில்லை என்று ஆகிவிடுமே.

கூட வேலை பார்த்தவர்களும் அதே தராசுக்குத் தக்க எடைக்கற்கள்தான். வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி அதிர்வால் குணமாக்குபவர் வாத்தியக் குழுவில் மத்தளம் அடித்துக் காது மந்தமானவர். தட்டிய ஒலி அவருக்கே பாதிதான் கேட்கும். முதுகில் சூடான கல் அடுக்கும் பெண்மணிக்குத் தீராத முதுகுவலி. மதிய இடைவேளையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு, உறையைக் கைப்பைக்குள் ஒளித்துவைப்பாள். பயணிகளைச் சொல்லவே வேண்டாம். ஒருவர் காதில் ஊசிகள் ஆட ஆட, போனில் மேஸ்திரியைக் கெட்ட வார்த்தையில் ஏசுவார். முடிந்ததும் மனசு லேசாகிவிட்டது என்பார். ஏசிய ஏச்சுக்கு லேசாகாமல் என்ன செய்யும்?

இவர்கள் எல்லாரையும் ஊசிக்காரர் மனதுக்குள் காறித் துப்பினார். தம்மைத் துப்பிக்கொள்ளவில்லை. நம்பி ஏமாற்றுகிறவனைவிட நம்பாமல் ஏமாற்றுகிறவன் யோக்கியன் என்பது அவர் வைத்திருந்த கணக்கு. அதை யாரிடமும் காட்டிச் சரிபார்த்ததில்லை.

இந்தக் கணக்கில் இடித்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் அவருடைய அக்கா. ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேஜைகளை மேற்பார்வை பார்ப்பவள். நாளெல்லாம் ஆவியில் நின்றுவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்று மாடி ஏறி வீட்டுக்குப் போகிறவள். தம்பியின் கையில் ஏதோ இருக்கிறது என்று அவள் மனமார நம்பினாள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நம்பினாள். ஸ்பாவுக்கு வந்தது, அவளைப் பொறுத்தவரை, உலகம் தாமதமாகக் கண்விழித்ததுதான். சலவைக்கூடத்தில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் "என் தம்பிகிட்டப் போ" என்பாள்.

அக்காவின் புருஷனுக்கு அதே அளவுக்கு அவநம்பிக்கை. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்பவர் பக்கம் ஒரு பிரேக், தம் பக்கம் ஒரு பிரேக் என்று வாழ்ந்து பழகியவர். வீட்டிலும் யாராவது பேச ஆரம்பித்தால் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். மச்சானைக் கண்டால் மட்டும் இரண்டு காலாலும் மிதிப்பார். "குத்தறவன் குத்தினா குத்திக்கறவனுக்கு எங்க போச்சு புத்தி" என்பது சாப்பாட்டு மேஜையில் அவர் வழக்கமாகப் பரிமாறும் பதார்த்தம். மச்சான் சிரித்து மழுப்புவார். மனதுக்குள் அத்தனையும் சரியென்றே ஒப்புக்கொள்வார். தம்மை மதித்த அக்காவை அவர் முட்டாள் என்று நினைத்ததும், தம்மை அவமதித்த மாமாவோடு ஒத்துப்போனதும் ஒரே மேஜையில்தான் நடந்தது.

முதுகுப் பாரம் என்று அக்கா ஒரு நாள் ஸ்பாவுக்கு வந்தாள். டால்பின் அறையில் படுக்கவைத்து நாலு ஊசி குத்தி அனுப்பினார். மறு வாரமும் வந்தாள். அடுத்த ஊசியை உறையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தபோது சாவகாசமாகச் சொன்னாள்:

"படி ஏறும்போது மட்டும் தாடை வலிக்குதுடா. நின்னா போயிடுது. பல்லுன்னு நெனச்சுப் பல் டாக்டர்கிட்டக் காட்டினேன். பல்லெல்லாம் நல்லா இருக்காம்."

வேறென்ன என்று கேட்டார். வேர்க்கிறது, சலவைக்கூடத்தில் எல்லாருக்கும்தான் வேர்க்கும். முதுகுப் பாரமும் படியில்தான் வருகிறது. ஆனால் போன தடவை அவன் குத்தினதிலிருந்து ரொம்பத் தேவலை.

ஆஸ்பத்திரி அறையில் இதே மூன்றையும் சொன்ன பெண்களிடம் அவர் ரத்தம் எடுத்திருக்கிறார். பல்லென்றும் வாயுவென்றும் சொல்லிக்கொண்டு வந்து, அங்கிருந்து சக்கர நாற்காலியில் இருதயப் பிரிவுக்குப் போனவர்கள். சிலர் அங்கிருந்து வேறு எங்கோ போனார்கள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, இன்றைக்கு இது வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். அக்கா சிரித்தாள். தம்பி களைத்திருக்கிறான், பாவம், எத்தனை பேருடைய வலியை வாங்கிக்கொள்கிறான் என்று அவர் கன்னத்தைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வேலை முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போனார். சண்டை போட்டாவது கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு. சண்டைக்கு அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் உண்மை. அதைப் பழக்கமில்லாதவர் எடுத்தால் எப்படியோ அப்படித்தான் எடுத்தார்.

மாமாவையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டினார். தாம் டாக்டர் இல்லை. ஆறு வார வகுப்பில் கற்றது. முதுகுப் பாரம் தேவலையானது நாலு ஊசியால் அல்ல, அரை மணி படுத்திருந்ததால். இருதயத்துக்கு ரத்தம் போகிற குழாயில் ஏதோ தடை. இன்றே போக வேண்டும்.

மாமா இதில் பாதியைத்தான் கேட்டார். முதல் பாதியை. முகம் விளக்குப் போட்டதுபோல ஆகிவிட்டது. பெண்டாட்டிக்கு நெஞ்சில் தடை என்பது காதில் ஏறவேயில்லை. மச்சான் தோற்றுவிட்டான் என்பதற்கே அங்கே இடம் போதவில்லை.

"அப்ப இத்தனை வருஷமா நான் சொன்னதுதான் சரி. சொல்லு மச்சான், உன் வாயால இன்னொரு தடவை சொல்லு."

சொன்னார். அதற்கும் தயங்கவில்லை, கிளம்பினால் போதும் என்று. மாமா எழுந்து பால்கனிக்குப் போய்த் தம் சிநேகிதருக்குப் போன் போட்டு, கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

அக்கா ஒரு துண்டை எடுத்து நாலாய் மடித்தாள். பிரித்தாள், மறுபடி மடித்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கை இஸ்திரி மேஜைக்குப் போய்விடும்.

"அவரு முன்னாடி எதுக்குடா உன்னை இப்படித் தாழ்த்திக்கிட்டே?"

"அக்கா, நான் சொன்னது நிஜம்."

"நிஜமோ என்னமோ. இப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போனா அவரு ஜெயிச்ச மாதிரி ஆயிடும். நான் உசுரோட இருக்கற வரைக்கும் அது நடக்காது."

அந்த வரைக்கும் என்பது எத்தனை தூரம் என்பதுதான் ஊசிக்காரருடைய பயம். பால்கனியில் மாமாவின் சிரிப்பு கேட்டது. இந்த வீட்டில் உண்மை பேசி யாரையும் ஒரு படி கூட இறக்க முடியாது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"கையைக் குடு" என்றார்.

மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தார். கண்ணை மூடினார். அம்மாள் செய்வதுபோலவே தலையைச் சற்றுச் சாய்த்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பதுபோல இருந்தார். இத்தனை நாளாகப் பார்த்து உமட்டிக்கொண்டு வந்த கூத்து அது. ஒத்திகை இல்லாமலே வந்தது.

"ஒரு வாசல் அடைச்சிருக்கு" என்றார், தொட்டிலில் பிள்ளை தூங்கும் குரலில். "என் ஊசி அதுக்குக் குட்டை அக்கா. நீள ஊசி ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. ஆனா அவங்களுக்கு வாசல் தெரியாது. நான் கூட வந்து சொன்னாத்தான் குத்துவாங்க."

அக்காவின் கை துண்டை விட்டது.

"அப்ப நீதான் அனுப்பறே?"

"நான்தான்."

"அவரு சொல்லி இல்லையே?"

"அவரு சொல்லியிருந்தா நானே உன்னைப் போக விட்டிருக்க மாட்டேன்."

அவள் முகம் கழுவிக்கொண்டு, நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எடுத்த பையனுக்குக் கை நடுங்கியது என்று ஊசிக்காரருக்கு எரிச்சல். இருதயத்துக்குப் போகும் முக்கியமான குழாய் ஒன்று கிட்டத்தட்ட மூடியே போயிருந்தது. மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அடைத்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் படி ஏறியிருந்தால் படியிலேயே முடிந்திருக்கும் என்றார் டாக்டர். அவர் பன்னிரண்டு வருஷம் படித்தவர், அந்தப் பகுதியில் கைத்திறமைக்குப் பெயரெடுத்தவர். அவர் போட்ட உழைப்பெல்லாம் அக்கா கண் விழித்த நிமிஷத்தில் வேறொருவர் பேரில் பதிவாகிவிட்டது. மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, நர்ஸிடமும் பக்கத்துக் கட்டிலிடமும் ஒரே சேதிதான்: தம்பி பிடித்த அதே இடம், தம்பி சொன்ன அதே நீள ஊசி, தம்பி சொன்ன அதே அடைத்த வாசல்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். மாமாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. வராந்தா பெஞ்சில், கால்கள் எதையும் மிதிக்காமல், சாமி சந்நிதியில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தார். ஊசிக்காரர் பக்கத்தில் போய், நாடி கீடி ஒன்றுமில்லை, அக்கா தாடை வலி என்று சொன்னதை வைத்துத்தான் சொன்னேன், எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வார்கள் என்று விளக்கினார்.

மாமா அவர் முழங்காலைத் தட்டினார். "விஷயம் தெரிஞ்சவங்க இப்படித்தான் மச்சான் பேசுவாங்க. தெரியாதவன்தான் தெரியும்னு குதிப்பான்."

அறிவாளி என்று அந்த வட்டாரத்தில் ஊசிக்காரர் ஒப்புக்கொண்டிருந்த ஒரே மனிதரும் அன்றைக்கு அந்த பெஞ்சில் காலமானார்.

சேதி ஸ்பாவுக்கு அவருக்கு முன்னால் போய்விட்டது. அம்மாள் வாசலில் புதிய பலகை மாட்டி, அவருக்குத் 'தலைமை நாடியாளர்' என்று பெயர் சூட்டினார். அவர் மறுத்தார். மறுக்க மறுக்க, அகந்தை கரைந்துவிட்டது என்று அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அத்தனைக்கும் நடுவில் கல் அடுக்குபவள் மட்டும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நிஜமாகவே தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார். அப்படியானால் தன் முதுகையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னாள்.

வேலையை விட்டுவிடலாம் என்று ஊசிக்காரர் உண்மையாகவே நினைத்தார். ராஜினாமாவை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஒரு காலை அக்காவைப் பார்க்கப் போனவர், அலமாரியில் மாத்திரை அட்டைகளைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது கொடுத்தபடி, ஒரு குழி கூட உடையாமல்.

"எதுக்குடா அதெல்லாம்" என்றாள் அக்கா. "வயித்தப் புண்ணாக்கும். உன் கை இருக்கு."

ஸ்டென்ட் வைத்தவர்கள் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ரத்தம் அங்கேயே உறையும், வைத்த குழாயே மூடும். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். போன தடவை உண்மை சொல்லி எங்கே போய் நின்றோம் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். ஒரு மாத்திரையைப் பிரித்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, கண்ணை மூடி நின்றார். பிறகு நீட்டினார். அக்கா மறுபேச்சில்லாமல் தண்ணீரோடு விழுங்கினாள். "கையில வெச்சுக் குடுத்தா வேற மாதிரிதான் இருக்கு" என்றாள்.

அதிலிருந்து தினமும் வேலைக்குப் போகும் வழியில் மூன்று மாடி ஏறுகிறார். நாளைய மாத்திரையையும் சேர்த்து இன்றே கையில் பிடித்துவைத்தால் செல்லாது என்று அக்காவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அவரும் அதை மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, மழை கிடையாது. ராஜினாமா பற்றிய யோசனை அந்தப் படிகளில் எங்கோ நின்றுவிட்டது. நம்பிக்கை இல்லாத மனிதர் ஒருவர், நம்பிக்கையுள்ளவர்கள் யாரும் காட்டாத ஒழுங்கோடு, இந்தப் பித்தலாட்டத்தைச் செய்துவருகிறார்.

போன வாரம் அவர் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தபோது மேஜையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தார். மாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, ஒற்றை விரலால் தம் ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டையை அவர் பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தார். கேட்டால் இல்லையென்று சொல்லிவிடலாம் என்கிற தூரத்தில் விரலை எடுத்துவிட்டார்.

ஊசிக்காரர் அட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"அட்டையோட வெச்சா ஏறாது மாமா" என்றார். "பிரிச்சு வைங்க."