பரிசல்காரன் பிடித்த ஆட்கள்

என் மகன் விளையாடும் வீடியோ கேமில் கதாநாயகன் பத்து நிமிடம் பேசுகிறான். மழை பெய்கிறது, வயலின் அழுகிறது, யாரோ யாரையோ துரோகி என்கிறார்கள். அதுவரைக்கும் மகன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "இதுலதாம்மா கதை இருக்கு. உங்க காலத்து கேம்ல என்ன இருந்துச்சு, சும்மா பட்டன அமுக்கிட்டு" என்கிறான். விளையாட்டை நிறுத்திவிட்டுச் சொல்வதுதான் கதை என்றால், பந்தியில் இலையை மூடச்சொல்லிவிட்டுப் பாயசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதும் சாப்பாடுதான். இதை அவனிடம் சொல்வதில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று அடுப்படிக்குப் போய்விடுவேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு அசைக்க முடியாத அபிப்பிராயங்கள் உண்டு. அத்தனையும் ஒரே வாரத்தில், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது உண்டானவை.

எங்கள் ஊரில் பாதிப் பேர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். நாங்களும்தான். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான், சித்தி. சித்தி என்றால் சித்தப்பாவின் மனைவி. சித்தப்பா லாரி ஓட்டினார். முந்தின வருடம் தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து இறந்துபோனார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதன் பிறகு சித்தி வீட்டு வேலை எல்லாம் ஒழுங்காகச் செய்தாள், பேச்சு மட்டும் நின்றுவிட்டது. கேட்டால் பதில் வரும், அதுவும் ஒற்றைச் சொல்லில். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்று சொல்லி வைத்தாற்போல, "அழுவாத கண்ணு, அவரு மோட்சத்துல நல்லா இருப்பாரு" என்றார்கள். சித்தி எல்லோருக்கும் தலையாட்டினாள். எனக்குத் தலை வாரிவிடுவதையும் இரவில் என்னைப் பக்கத்தில் போட்டுக்கொள்வதையும் அவள் விடவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் சித்தியின் தம்பி பெங்களூரிலிருந்து வந்தார். எனக்கு மாமா முறை. சித்திக்கு நன்றாகத் தைக்க வரும் என்பதால், துணி தைக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை பேசி வைத்துவிட்டுக் கூட்டிப்போக வந்திருந்தார். ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை அவர் கிளம்ப வேண்டும். அதற்குள் சித்தி ஒரு பதில் சொல்ல வேண்டும். சித்தி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அது இஷ்டம் மாப்ள. இங்கயே இருந்தாலும் நமக்குப் பாரமில்ல, போறேன்னாலும் தடையில்ல" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குத் தடை இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

அந்த மாமாதான் விளையாட்டு மிஷினைக் கொண்டுவந்தார். சோப்பு டப்பா அளவு இருக்கும், கடிகாரச் செல்லில் ஓடும். வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் கொடுத்ததாம். நடுவில் கால்குலேட்டர் மாதிரி ஒரு கண்ணாடி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டன், உள்ளே குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு மனிதர்கள். மேலே ஒரு பாலம். பாலத்தில் அங்கங்கே பலகை உடைந்திருக்கும். ஆட்கள் வரிசையாக நடந்து வந்து ஓட்டையில் விழுவார்கள். கீழே ஆற்றில் வட்டமான ஒன்றில் நிற்கும் ஒருவன் அவர்களைப் பிடிக்க வேண்டும். அந்த வட்டத்துக்கு வெளிநாட்டில் என்ன பெயரோ, ஒகேனக்கல் பார்த்திருந்த எங்களுக்கு அது பரிசல். ஒரு ஆளைப் பிடித்தால் ஓர் எண் கூடும். பிடிக்காமல் விட்டால் விழுந்த ஆளுக்கு இரண்டு சிறகு முளைக்கும், அவன் மெதுவாக மேலே போய் மூலையில் உட்கார்ந்துகொள்வான். மூன்று பேர் அப்படி உட்கார்ந்தால் ஒரு பாட்டு வந்து ஆட்டம் நின்றுவிடும்.

அப்பா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மாப்ள, பாலத்தச் சரி பண்றதுக்கு எந்தப் பட்டனுங்க?" என்று கேட்டார்.

மாமா அப்படி ஒரு பட்டன் கிடையாது என்றார்.

"அப்ப இத செஞ்சவன் கண்ட்ராக்டர்தான்" என்று சொல்லி அப்பா மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. வீடியோ கேம்களைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதியதை எல்லாம் பின்னாளில் வாசித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்து ஒரு தர்மசங்கடம் வந்தது. தவக்காலத்தில் எங்களுக்குக் கறி கிடையாது, சினிமா கிடையாது, தலையில் பூகூடக் கிடையாது. மிஷின் மட்டும் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று அம்மாவுக்குச் சந்தேகம். குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரைக் கூட்டிவந்து காட்டினாள். பங்குச் சாமியார் வராத வாரங்களில் கோயிலில் ஜெபம் நடத்துவதும், எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆடிப் பார்த்தார். கை நடுக்கத்தில் மூன்று பேரும் மளமளவென்று விழுந்து, சிறகு முளைத்து, மேலே போனார்கள். பாட்டு வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மூணு ஆத்துமா மோட்சம் சேந்ததும் பாட்டு வருது பாருங்க. மூணுன்னா என்ன? பிதா, சுதன், பரிசுத்த ஆவி. இது நல்ல மிஷின்தாங்க. புள்ளைங்க வெளயாடலாம்" என்றார்.

மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அய்யா, புடிச்சாதாங்க பாயிண்ட்டு" என்றார்.

"பாயிண்ட்டெல்லாம் இந்த லோகத்துக் கணக்கு தம்பி" என்று உபதேசியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் மாமா பக்கமா, உபதேசியார் பக்கமா? சந்தேகமே இல்லை, உபதேசியார் பக்கம்தான். ஒருவனைப் பிடித்தால் அவன் மறுபடி பாலத்துக்குத்தான் போகிறான். விட்டால் சிறகு முளைக்கிறது. எது நல்லது என்று எங்கள் ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நானும் அண்ணனும் பரிசல்காரனை ஒரு மூலையில் ஒதுக்கி நிறுத்திவிட்டு, வருகிறவர்களை எல்லாம் மோட்சத்துக்கு அனுப்பினோம். ஒவ்வொருவன் மேலே போகும்போதும் "மோட்சம்!" என்று கத்துவோம். அப்படி எத்தனை ஆத்துமாக்களைக் கரையேற்றினோமோ, கணக்கில்லை.

செவ்வாய்க்கிழமை நான் தனியாக உட்கார்ந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். சித்தி அடுப்படியிலிருந்து வந்து பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை. ஒருவன் விழுந்தான். "மோட்சம்!" என்றேன். மிஷின் என் கையில் இல்லை. சித்தியின் ஈரக்கையில் இருந்தது.

"எதுக்கு வுழவுட்ட?"

சித்தி அத்தனை சொற்களைச் சேர்த்து என்னிடம் பேசி வெகுநாளாயிற்று. நான் பயந்துபோய், அவர்கள் மோட்சத்துக்குத்தான் போகிறார்கள், உபதேசியாரே சொன்னார் என்றேன்.

"அவங்க வூட்ல கேட்டியா நீ?"

ஆடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி என்று யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. சித்தி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரோரமாக உட்கார்ந்து ஆட ஆரம்பித்தாள்.

முதலில் அவளுக்கும் விழுந்தார்கள். ஒவ்வொருவன் விழும்போதும் சித்தி பல்லைக் கடித்து "ஸ்ஸ்" என்பாள், சுட்டுக்கொண்ட மாதிரி. புதன்கிழமைக்குள் விழுவது குறைந்துவிட்டது. கையில் தையல் பழகியவள், மிஷினின் தாளம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. வேலை முடிந்ததும் வந்து உட்காருவாள். நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பார்ப்பேன்.

இவர்கள் எல்லாம் எங்கே போகிறார்கள் சித்தி என்று ஒருமுறை கேட்டேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை.

"இவன் தக்காளி ஏத்திவுட்டுட்டு வரான். வெல போவல, அதான் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வரான், ஓட்டயப் பாக்கல" என்றாள் சித்தி. டிக். பிடித்துவிட்டாள். "இவ பொறந்த வூட்டுக்குப் போறா, வயித்துப் புள்ளக்காரி, பாத்து எறக்கணும்." டிக். "இவன் குடிகாரன். இருந்தாலும் வூட்ல ஒருத்தி சோத்தப் போட்டு வெச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பா இல்ல?" டிக்.

அத்தனை மனிதர்களும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே கறுப்பு உருவம். ஆனால் சித்தி சொன்னதும் எனக்கு வேறு வேறாகத் தெரிந்தார்கள். யாருக்கு அவசரம், யாருக்குக் கோபம், யார் சந்தையில் குழந்தைக்குப் பொரி வாங்கி மடியில் கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தது. அம்மா கதவோரம் நின்று கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிப் போனாள். புளி கரைத்த கையோடு கண்ணைத் தொட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

எங்களுக்கு இன்னொரு ஆவலும் இருந்தது. எண்ணுக்கு மூன்று இலக்க இடம்தான். பெங்களூரில் மாமாவின் சிநேகிதர்களில் ஒருவரும் கடைசிவரை போனதில்லையாம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதைத் தாண்டினால் என்ன வரும்? பாலம் முழுசாகிவிடும் என்றான் அண்ணன். பரிசல்காரன் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போவான் என்றேன் நான். கதை என்று இருந்தால் முடிவு இருக்க வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. திங்கட்கிழமை மாமா மிஷினோடு போய்விடுவார். அதற்குள் முடிவைப் பார்த்துவிட வேண்டும். சித்தியும் போய்விடுவாளோ என்ற நினைப்பு நடுநடுவே வரும். மிஷினில் மும்முரமாக இருப்பவள் எங்கே போகப்போகிறாள் என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொள்வேன்.

பெரிய வெள்ளிக்கிழமை ஆட்டமில்லை. அன்று வீட்டில் மாதா சொரூபத்தைக்கூட ஊதாத் துணியால் மூடி வைத்திருந்தோம். அண்ணன் மிஷினையும் அதே துணிக்குள் மாதாவின் காலடியில் செருகி வைத்தான்.

சனிக்கிழமை சேசு கல்லறையில் இருக்கும் நாள். கோயிலில் மணிகூட அடிக்காது. மத்தியானச் சாப்பாடு முடிந்து சித்தி உட்கார்ந்தாள். அன்று ஒருவனையும் விடவில்லை. எண் ஏற ஏற, ஆட்கள் ஓட்டமாக வந்து விழுந்தார்கள். சித்தி இப்போது அவர்களைப் பற்றிச் சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொன்னான். தொள்ளாயிரம் தாண்டியதும் மாமாவும் வந்து குனிந்து நின்றார். மூன்று ஒன்பதுகள் வந்தன. அடுத்து ஒருத்தன் விழுந்தான், சித்தி பிடித்தாள்.

மூன்று சைபர் வந்தது. அதே பாலம், அதே ஓட்டைகள். முதல் ஆள் மெதுவாக நடந்து வந்தான்.

அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏமாற்று மிஷின், அத்தனை பேரையும் பிடித்ததை அழித்துவிட்டது, ஒருத்தரையும் பிடிக்காத மாதிரி காட்டுகிறது என்று காலை உதைத்துக்கொண்டு அழுதேன். சித்தி மிஷினைத் தரையில் வைத்தாள். அதில் ஆட்கள் விழுந்து, சிறகு முளைத்து, மேலே போய் உட்கார்ந்தார்கள். சித்தி அவர்களைப் பார்த்தாள், ஆனால் எடுக்கவில்லை.

"நான் புடிச்சது புடிச்சதுதான் பாப்பா. அது மறந்துட்டா நா என்ன பண்றது" என்றாள். என் மூக்கைத் துடைத்துவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு, துணி துவைக்கக் கொல்லைக்குத் திரும்பியிருந்த தம்பியிடம் போய், "திங்கக்கெழம எத்தன மணி பஸ்ஸுடா?" என்று கேட்டாள். மாமா கையில் சோப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

சித்தி பெங்களூர் போவதற்கு மிஷின்தான் காரணம் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அது அங்கே போகிறது, இவளும் பின்னாலேயே போகிறாள். எனவே ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாமாவை விடாமல் கெஞ்சினேன். மிஷினை இங்கே விட்டுவிட்டால் சித்தியும் இருந்துவிடுவாள் என்பது என் கணக்கு. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தருமபுரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்லோரும் போனோம். மாமா மிஷினைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்து, "இந்தா பாப்பா, ஒனக்குத்தான்" என்றார். நான் வெற்றியோடு சித்தியைப் பார்த்தேன். சித்தி என் தலையைத் தடவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எங்கோ கணக்குத் தப்பிவிட்டது. யோசித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

நான் அழ ஆரம்பித்தேன். அண்ணன் மிரண்டுபோய் என்னைவிட்டுத் தள்ளி நின்றான். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார், தூக்கும் வயசெல்லாம் தாண்டியிருந்தும்.

"மிஷின்தான் ஒங்கிட்டயே இருக்குதே, அப்புறம் எதுக்கு பாப்பா அழுவற?"

காரணம் தேடினேன். கையில் இருந்ததைப் பார்த்ததும் கிடைத்துவிட்டது.

"செல்லு தீந்து போயிடும்பா" என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. "தீந்தா வேற வாங்கிக்கலாம்" என்று சொல்லவும் இல்லை. என் முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நம்பவில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது. செல் தீர்ந்துவிடும் என்றுதான் அழுகிறேன் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.