நசீர் நானாவின் போட்டில் தொலைந்த ஆழங்கள்

1. பூச்சியம்

“ஆழப் பதிவில இன்னொருக்கா இப்பிடி ஓட்டை விழுந்தா உங்கட போட் வேணாம். கொழும்பில இருந்து வேற போட் எடுப்பம்.”

ஆழ அளவீட்டு வேலையைத் தந்த அதிகாரி இப்படிச் சொன்னபோது நசீர் நானா என்னைத்தான் பார்த்தார். கிண்ணியாக்காரர். உள்துறைமுகத்தில் கப்பல் வரும் பாதையை அளக்க, எங்கள் கருவியை ஏற்றிக்கொண்டு ஓடுவது அவருடைய போட். இந்த வேலையை நம்பி வலைகளைக்கூட விற்றுவிட்டவர்.

“நான் லைன் மாறாமத்தான் ஓடின மிஸ், சத்தியமா.”

அந்தக் கருவிக்குப் புரோகிராம் எழுதும் நான் அவரை நம்பினேன். பதிவில் ஆங்காங்கே ஆழம் பூச்சியம் என்று இருந்தது. போட் விலகினால் ஆழம் மாறும், பூச்சியமாகாது. அதைக்கூட யோசிக்காமல் ஒரு மனிதரின் பிழைப்பில் கை வைக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2. வால்

ஆழத்தைப் பதியும் எங்கள் பெட்டியில் இருந்தது பெர்சிஸ்டென்ட் மெமரி. கரண்ட் போனாலும் எழுதியதை விடாது. போட்டுக்கு அது அவசியம், ஏனென்றால் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் ஒரே பற்றரி. வலைக்கயிறு சுற்றி எஞ்சின் நின்றால், திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது வோல்டேஜ் விழுந்து பெட்டி செத்துவிடும். பூச்சியங்கள் எல்லாமே அந்த இடங்களில்தான் இருந்தன.

அளவுகளை மெமரிக்குள் எழுதிவைக்கும், போர்டோடு வந்த அசெம்பிளி காப்பி ரூட்டீனை வரிவரியாக வாசித்தேன். அறுபத்துநான்கு பைட் கட்டிகளை அது கேஷைத் தொடாமல் நேரே மெமரிக்கு அனுப்பியது. நல்லது. ஆனால் கட்டியில் அடங்காத தலையையும் வாலையும் சாதாரண மூவ் கட்டளையால் எழுதிவிட்டுப் போய்விட்டது. அந்தப் பைட்டுகள் இடைத்தங்கலான கேஷிலேயே கிடக்கும்; கரண்ட் போனால் அழிந்து, மெமரியில் அவற்றின் இடம் பூச்சியமாகவே நிற்கும். சாமானைக் குசினி மேசையில் விட்டுவிட்டு, அலுமாரிக்குள் வைத்தாயிற்று என்று சொல்வது போன்ற வேலை.

அலுவலகச் சோதனையில் இது ஏன் அகப்படவில்லை? எங்கள் ஊரில் கரண்ட் போகும் பழக்கத்தால் எந்தக் கம்ப்யூட்டரையும் யூபிஎஸ்ஸில்தான் செருகுவோம். சோதனைப் பெட்டியையும் கை தானாகவே அதில் செருகியிருக்கிறது. சுவர் பிளக்கை இழுத்தால் யூபிஎஸ் தாங்கிக்கொள்ளும், பெட்டி ஆறுதலாகக் கேஷைக் காலிபண்ணிவிட்டு அணையும். நாங்கள் கைதட்டியிருக்கிறோம்!

ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் எனக்கு மேலாளர் கஜன், வயதில் இளையவர்.

“அக்கா, போட்டிலயும் ஒரு யூபிஎஸ் வைச்சுவிடுவம். பிரச்சினை முடிஞ்சுது.”

“உப்புக் காத்துக்கு அது நிக்காது. ரூட்டீனைத் திருத்துறன்.”

“அப்ப எல்லாத்துக்கும் ஃபிளஷ் போடுங்கோவன்.”

கேஷில் கிடப்பதை உடனே மெமரிக்குத் தள்ளும் அந்தக் கட்டளையை எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்த்தேன். கரண்டை வெட்டியும் ஒன்றும் தொலையவில்லை, ஆனால் ஆமை வேகம். ஒரு பதிவை எழுதி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்று, பதிவுகள் காத்திருக்கும் பஃபர் நிரம்பி வழிந்தது. கஜன் உதட்டைப் பிதுக்கினார். சரிவராமல் விடுவதில்லை என்று கதிரையில் ஒட்டிக்கொண்டேன். கடைசியில் நடுக்கட்டிகளை முன்போலவே நேரே அனுப்பினேன். தலைக்கும் வாலுக்கும் மட்டும் ஃபிளஷ் வைத்தேன். எல்லாம் போய்ச் சேரும்வரை காத்திருக்க ஒரேயொரு ஃபென்ஸ், அதன் பிறகுதான் பதிவு முடிந்தது என்ற அடையாளம். பழைய வேகம் கிட்டத்தட்ட அப்படியே கிடைத்தது.

3. சுவிட்ச்

அடுத்த ஓட்டத்துக்கு அதிகாரியையும் போட்டில் ஏற்றினோம்.

“நானா, உங்களுக்கு விருப்பமான இடத்தில மெயின் சுவிட்சை இழுங்கோ” என்றேன்.

மனிதர் சும்மா ஓர் இடத்தில் இழுக்கவில்லை. தண்ணீருக்குள் ஒரு பாறை இருப்பது அவருக்குத் தெரியும். அதன் உச்சிக்கு மேலே போட்டைக் கொண்டுபோய், ஆழம் சட்டென்று குறைந்த கணத்தில் இழுத்தார். திரை கறுத்தது. திரும்பப் போட்டதும் பதிவைத் திறந்தேன். கடைசிப் பதிவின் கடைசி எண் அந்தப் பாறை உச்சியின் ஆழம். அது இருந்தது.

“இன்னொருக்கா” என்றார் அதிகாரி. நானா இழுத்தார். அதிகாரி போதும் என்னும்வரை இழுத்தார். ஒரு பூச்சியம்கூட இல்லை.

“அப்ப என்ட போட் சேர்?”

“நாளைக்கும் வாங்க.”

நானா எஞ்சின் மூடியில் குந்தி, தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. நான் மறைக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, ரூட்டீனின் வேகத்தை அளக்க முதல் கரண்டை உண்மையாகவே வெட்டிப் பாருங்கள். நாங்கள் தவறவிடும் பைட்டுக்கு எங்களை யாரும் கேட்கமாட்டார்கள். சுக்கான் பிடித்தவரைத்தான் கேட்பார்கள்.