லோயர் ஐயாவின் மேசைக் குடம்

எங்கள் லோயர் ஐயாவின் மேசையில், சட்டப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு பித்தளைக் குடம் இருக்கும். காலையில் கந்தோரைத் திறந்ததும் அதில் தண்ணீர் நிரப்புவதுதான் டைப்பிஸ்டான என் முதல் வேலை. பதுளையில் மற்ற லோயர்மார் காணி வழக்குகளோடு மல்லுக்கட்ட, இவர் மட்டும் மின்சாரம், ஓடை, காடு என்று அரசாங்கக் கந்தோர்ப் படிகளில் ஏறி இறங்குவார். 'கரண்டு லோயர்' என்று கேலி செய்வார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

எழுபதுகளின் நடுவில் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து சில பெண்கள் வந்தார்கள். தொழிற்சாலைக்கு மின்சாரம் எடுப்பதற்காக நிர்வாகம் ஓடையைத் திருப்பிவிட, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர் தந்த பீலிக்குழாய் வறண்டுபோயிருந்தது. பிரஜாவுரிமை இல்லாத அவர்களின் முறைப்பாட்டை எந்தக் கந்தோரும் காதில் வாங்கவில்லை. யாராவது நேரில் வந்து பார்த்தால் போதும் என்று ஐயா நம்பினார். அலையாய் அலைந்து ஓர் அதிகாரியை வரச் சம்மதிக்க வைத்தார்.

அதிகாரி வந்த அன்று லயத்து வாசலெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. மாவிலை செருகிய நிறைகுடங்கள் வரிசையாக நின்றன. அவர் ஒரு செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, தட்டுப்பாடு எதுவும் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஐயா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கீழ் டிவிசன்ல இருந்து விடியுமுன்னமே தூக்கிட்டு வந்தோமுங்க. பெரிய மனுசரு வாறப்ப வெறுங்குடத்தையா வைக்கிறது?" என்றார் அந்தப் பெண்களில் மூத்தவர்.

மன்றாடி இரண்டாவது முறையும் அதே அதிகாரியை அழைத்தார். இந்த முறை குடங்களை வெறுமையாக வையுங்கள் என்று சொல்லியனுப்பியும் அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. நாங்கள் போனபோது நிறைகுடங்கள்தான் நின்றன. கீழ் வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. கறுப்புக் கோட்டோடு ஐயா முதல் குடத்தைத் தூக்கினார். தண்ணீரைத் தரையில் கொட்டாமல் பக்கத்து அண்டாவில் ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தைப் பாதை நடுவில் வைத்தார்.

"இந்த அவமரியாதை என்னோடதா இருக்கட்டும்மா."

பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி குடத்தையும் ஐயாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு நான் குடிச்ச தண்ணி?"

மூத்த பெண் கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். அதிகாரி அந்தச் சரிவில் இறங்கி, மூச்சு வாங்க ஏறி வந்தார். லயத்துக்குரிய தண்ணீரை விட்ட பிறகே மின்சாரத்துக்கு எடுக்கலாம் என்று பின்னர் உத்தரவு வந்தது. பீலியில் தண்ணீர் விழுந்ததும் மூத்த பெண் அதே குடத்தை நிரப்பி, பஸ் ஏறிக் கந்தோருக்குக் கொண்டுவந்தார்.

"இது இனி வெறுங்குடமா இருக்கக் கூடாதுங்க ஐயா."

ஐயா பெரிய வழக்குகள் பலவற்றில் வென்றவர். ஆனால் அந்த வெறுங்குடத்தை வைத்த கை இன்னும் கூசுகிறது என்று அடிக்கடி சொல்வார்.

எண்பதுகளின் கடைசியில் அவர் காலமானார். கந்தோரும் வீடும் ஒரே கட்டடம்தான். சாவு வீட்டுக் களேபரத்தில் குடத்தை யாரும் கவனிக்கவில்லை. குடத்தைக் கொண்டுவந்து தந்த அந்த மூத்த பெண், தலை நரைத்துப்போய், வந்தார். மேசைப் பக்கம் போய்க் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் குழாயடிக்குப் போய் நிரப்பிவந்து வைத்தார். அதற்குப் பிறகுதான் ஐயாவின் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

குடம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. இதை எழுத உட்காரும் முன் அதை நிரப்பிவிட்டுத்தான் வந்தேன்.