பனிக்கட்டியில் ஒரு தும்புத்தடி

மன்னாரில் ஒரு கந்தோரில் பத்தொன்பது வருஷமாக அலுவலக அறைகளைக் கூட்டித் துடைக்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் என் மகனின் கையில் மட்டும் தும்புத்தடி ஏறக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் வீட்டு முற்றத்தைக்கூட அவனைக் கூட்ட விட்டதில்லை. படித்தான், கனடாவுக்குப் போனான். கதிரையில் இருந்து செய்கிற வேலை என்றான்.

போன மார்கழியில் ஒரு படம் அனுப்பினான். தலையில் கவசம், முழங்காலில் மெத்தை, காலடியில் வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி, கையில் தும்புத்தடி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே போன் எடுத்தேன்.

“என்னடா கோலமிது? உண்மையைச் சொல்லு. கூட்டுற வேலையோ?”

“ஐயோ அம்மா, இது விளையாட்டு. ப்ரூம்போல். பந்தை வலைக்குள்ளை அடிக்கிறது.”

“தும்புத்தடியாலையோ?”

“முந்தி வீட்டுத் தும்புத்தடியைத்தான் வெட்டி, ஒட்டுற ரேப் சுத்தி அடிச்சவையாம். இப்ப நுனியிலை பிளாஸ்ரிக். இஞ்சை தொடங்கின விளையாட்டம்மா. சறுக்குற சப்பாத்துத் தேவையில்லை. ரப்பர் அடி வைச்ச சப்பாத்தோடை ஓடுறது.”

“வழுக்காதோ?”

“வழுக்கும். அதுதான் விளையாட்டே.”

கூட்டாத தும்புத்தடி, வழுக்கி விழுவதற்கென்றே ஒரு ஓட்டம்! எங்கள் ஊரில் ஒருவன்மேல் தும்புத்தடி பட்டால் இரண்டு குடும்பம் ஆயுசுக்கும் கதைக்காது. அங்கே பட்டபிறகு கைகொடுக்கிறார்களாம், மகன் சொல்கிறான்.

பொய் சொல்கிறானோ என்ற நினைப்புப் போகவில்லை. கோயிலுக்குப் போய் எங்கள் பங்குத் தந்தையான சுவாமியிடம் படத்தைக் காட்டினேன். அவர் போனில் தேடி, “உண்மைதானம்மா, பொம்பிளையளும் விளையாடுகினம். வேறை நாடுகளிலையும் இப்ப பரவுதாம்” என்றார். அந்தச் சந்தோஷத்தில் கருவாடு காயவைக்கிற பெண்களிடமும் போய்ச் சொன்னேன். “எடி அக்கா, அப்ப நீதான் அவனுக்குக் கோச்சரோ?” என்று ஒருத்தி கேட்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

ஒரு ஞாயிறு, பூசைக்கு வெளிக்கிடும் நேரம், மகன் வீடியோவில் வந்தான். போனைப் பார்வையாளர் ஆசனம் ஒன்றில் சாத்தி வைத்துவிட்டு விளையாட இறங்கினான். எல்லாருக்கும் ஒரே கவசம். எது என் பிள்ளை, யார் வெல்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. யாரோ கோல் போட, நான் கைதட்டினேன். அது மற்றப் பக்கத்தவர்கள் போட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

விளையாட்டு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். போனை நிற்பாட்ட அவன் மறந்துபோனான். கொஞ்ச நேரத்தில் துப்புரவு வேலைக்காரர் போடுகிற நீலச் சட்டையோடு திரும்பி வந்தான். கையில் அகலமான, உண்மையான தும்புத்தடி. ஆசனங்களுக்கு நடுவே இருந்த படிகளைக் கூட்டத் தொடங்கினான்.

விளையாட்டும் உண்மை, வேலையும் உண்மை. பத்தொன்பது வருஷம் எதற்காகக் குனிந்தேன் என்று ஆத்திரம் வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவன் கீழ்ப்படியிலிருந்து மேலே கூட்டிக்கொண்டு போகிறான். மேல்படிக் குப்பையெல்லாம் கூட்டின படியிலேயே வந்து விழுகிறது. யார் பழக்கினது அவனுக்கு?

“எட, மேலையிருந்து கூட்டடா!”

மகன் திரும்பிப் போனைப் பார்த்தான்.

“அம்மா… நான் சொல்லத்தான்…”

“அதைப் பிறகு கதைப்பம். மேல்படிக்குப் போ. முதுகை வளைக்காதை, தடியை உயர்த்திப் பிடி.”