தொகுஜி இடது பக்கம்

ஒசாகாவில் கினுயோ உராபேயின் பிழைப்பு இருமலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேடை நகைச்சுவைப் பதிவுகளில் கூட்டம் இருமுகிற இடங்களையெல்லாம் வெட்டி எறிவதுதான் ஆறு வருடமாக அவள் வேலை. ஒரு முழு ஆல்பத்துக்கு ஒலி கலந்து, அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. முப்பத்தொன்பதாவது வயதில் அது வாய்த்தது. வழக்கமான ஆள் முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். "சொதப்பினா திரும்ப இருமலுக்கே போயிடுவ, ஆமா சொல்லிட்டேன்" என்று முதலாளி ஷிராகி அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்.

தொகுஜி, மாசுவோ ஜோடியின் ஆல்பம் அது. தொகுஜி உளறுவார், மாசுவோ அவர் மண்டையில் ஒன்று போடுவார். யார் எந்தப் பக்கம் நிற்பது என்பது இருபது வருடமாக மாறாத ஏற்பாடு. மாறினால் ரசிகர்களுக்குச் சோறு இறங்காது. ஜோடி எழுதிக் கொடுத்த சீட்டில் ஒரே வரி: 'தொகுஜி இடது பக்கம்.'

ஒரு குரலை இடப்பக்கம் நிறுத்த வேண்டுமென்றால் அதை இடது ஸ்பீக்கரில் மட்டும் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. கொட்டினால் யாரோ காதில் வாயை வைத்து ரகசியம் சொல்வதுபோல் கூசும். இரண்டிலும் குரல் இருக்க வேண்டும். இடதில் ஒரு பிடி கூட, வலதில் ஒரு பிடி குறைய. நட்டநடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து கத்தும் என்பதால், மென்பொருளே அங்கே சத்தத்தைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளும். கினுயோ இருவரையும் ஆளுக்கொரு பக்கமாக, நடுவிலிருந்து நூற்றுக்குச் சுமார் முப்பது தள்ளி நிறுத்தினாள். மண்டையடியைத் தொகுஜி பக்கம் வைத்தாள், மண்டை அவருடையதுதானே. சிரிப்பை இரண்டு ஓரத்துக்கும் விரித்துவிட்டாள். கண் காதை ஏமாற்றும் என்பது அவள் கொள்கை. அதனால் திரைமேல் துண்டைப் போர்த்திவிட்டு, கை எந்தப் பக்கம் போகிறது என்றுகூடப் பார்க்காமல் காதை மட்டும் நம்பித்தான் குமிழைத் திருகினாள். பெருமைக்குக் குறைச்சலே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜோடி கேட்க வந்தது. முதலாளி ஸ்பீக்கரில் ஓடவிட்டார். தொகுஜியின் குரல் வலப்பக்கத்திலிருந்து வந்தது.

கினுயோ மடியிலிருந்த ஹெட்போனைப் பார்த்தாள். போன வாரம் அதன் வயர் தட்டி பார்லி தேநீர் கொட்டியதிலிருந்து, வயர் வலப்பக்கம் வருகிறமாதிரி, இடது காதுக்கானதை வலது காதில் திருப்பிப் போட்டிருந்தாள். ஆல்பம் முழுக்க இடது வலதாகிவிட்டது! இருமல்கள் வரிசையாக நின்று அவளை வரவேற்றன.

மாசுவோ துள்ளி எழுந்தார். "அம்மாடி! யாரு சொன்னா உனக்கு?"

"எதை அண்ணே?"

"மேடையில நிக்கிற எங்களுக்குத்தான் இவன் இடது. பாக்கிறவனுக்கு வலதுல்ல? போன ஸ்டுடியோல சீட்டை அப்படியே நம்பி மாத்திப்புட்டானுங்க. இந்தக் கூமுட்டை மறுபடி அதையேதான் எழுதியிருக்கான், நீ கண்டுபிடிச்சிட்டியே!"

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தால் மூக்கு வழியாக வெடித்தது. "கண்டுபிடிக்கல அண்ணே... ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கிட்டேன்!"

தொகுஜி தரையில் உருண்டார். "என் பொழப்புக்குப் போட்டி வந்தாச்சுடா!"

மாசுவோ அந்தச் சீட்டைச் சுருட்டி கினுயோவின் தலையில் பட்டென்று ஒன்று போட்டார். இருபது வருடத்தில் தொகுஜியைத் தவிர யாருக்கும் கிடைக்காத அடி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"முதலாளி, அட்டையில இவ பேரைப் பெருசாப் போடுங்க. அடுத்ததுக்கும் இவதான்."

"அப்போ இருமலை யாரு வெட்டறது?" என்றாள் கினுயோ, கண்ணைத் துடைத்தபடி.

ஷிராகி பெருமூச்சு விட்டு, அவள் மடியிலிருந்த ஹெட்போனை எடுத்து, அதில் இடது, வலது என்று போட்டிருந்த எழுத்தை இரண்டு தடவை பார்த்துச் சரியாக மாட்டிக்கொண்டார்.

"நான்தான், வேற யாரு?"